உரிமையை விட்டவன் கேட்டது

சென்னை, திருவல்லிக்கேணி
9-8-1937

அன்புள்ள அத்தாயிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். மாமாவின் முழங்கால் வலி தேவலையா? என் அம்மாவை உங்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பதால் அவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாளானால் நீயாக நாலு நல்ல வார்த்தை சேர்த்துச் சொல்.

எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில் தத்துவத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். நான் எடுத்திருக்கும் விஷயத்தைச் சொன்னால் சிரிப்பாய். 'வேண்டும்' என்கிற ஒரு சொல், அவ்வளவுதான். 'மழை பெய்கிறது' என்றால் அது நடப்பது. 'பொய் சொல்லாமல் இருக்க வேண்டும்' என்றால் அது நடப்பதல்ல, நடக்க வேண்டியது. உலகத்தில் நடப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தாலும் அதிலிருந்து ஒரு 'வேண்டும்' பிறக்காது என்கிறார்கள் மேல்நாட்டு அறிஞர்கள். அப்படியானால் நம்மைக் கட்டிப்போடும் வலு அந்தச் சொல்லுக்கு எங்கிருந்து வந்தது?

நம் செவலைக் காளை தினமும் ஒரே தடத்தில் வீடு வருகிறது. அது பழக்கம். வேறு தடத்தில் வந்தால் அது குற்றமாகாது. ஆனால் மனிதன் ஒருவன் பக்கத்துக்காரன் சாமைப் பயிருக்குள் மிதித்துக்கொண்டு வந்தால் தப்பு என்கிறோம். தப்பு என்று ஒன்று இருக்கும் இடத்தில்தான் முறை என்று ஒன்று இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு இன்னும் தெரியாது.

ஓர் உதவி செய். நம் ஊரில் ஏதாவது ஒரு முறையை எடுத்துக்கொண்டு, 'ஏன் அப்படிச் செய்ய வேண்டும்' என்று நாலு பேரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுது.

எல்லோருக்கும் என் வணக்கம்.
அர்த்தனாரி

---

அரியூர் நாடு, கொல்லிமலை
ஈசுவர வருடம், புரட்டாசி 5

அன்புள்ள மச்சானுக்கு அத்தாயி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதம் சேந்தமங்கலத்தில் ஷேக் பரீத் அண்ணன் மிளகுக் கடைக்கு வந்து, சுமைக்காரர்களோடு மலையேறி என் கைக்கு வருவதற்குள் மிளகு வாசம் பிடித்துவிட்டது. அவர் வீட்டு ஹாஜிரா அக்கா உங்களை விசாரித்ததாகச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வீட்டில் தங்கி நான் எட்டாவது வரை படித்ததற்கு, இப்போதுதான் எனக்கு உருப்படியான வேலை கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. அப்பா காளையையும் திட்டுகிறார். "முறை தெரியாத மாடு" என்றுதான் திட்டுகிறார்.

புதுத் தினையைச் சாமிக்கு வைக்காமல் ஏன் தின்னக் கூடாது என்று கேட்டேன். பெருமாயி பெரியம்மா, "இதென்னடி கேள்வி? வெயில் அடிக்குது, மழ பேயுது. அப்படித்தான் இதுவும்" என்றாள். அப்பா, "எங்க அப்பன் வெச்சாரு, நான் வெக்கறேன்" என்றார். நாட்டுக் கூட்டத்துக்குத் தலைமையான நாட்டுக் கவுண்டர், "நான் சொல்றேன், அதனால. உன்னைய யாரு கேக்கச் சொன்னது?" என்றார். உங்கள் அம்மா, "தின்னு பாரு கண்ணு, வவுறு வலிக்கும்" என்றாள்.

நான் தின்று பார்த்தேன். வயிறு வலிக்கவில்லை. ஆனால் மனசு ஒரு மாதிரி இருந்தது. இதை எதில் சேர்ப்பீர்கள்?

உங்கள் படிப்பு எப்போது முடியும் என்று அப்பா கேட்கிறார். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அத்தாயி

---

சென்னை
11-10-1937

என் அன்புள்ள அத்தாயி,

நீ நலமா? எனக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. உன் கடிதத்தை வகுப்பில் படித்தேன். பேராசிரியர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "உலகத்துத் தத்துவ நூல்களில் பாதி இந்த நாலு பதிலுக்குள் அடங்கிவிடும்" என்றார். முறை இயற்கையில் இருக்கிறது என்பார்கள் ஒரு சாரார். வழிவழியாக வந்ததால் முறை என்பார்கள் சிலர். ஆணையிட அதிகாரம் உள்ளவன் இட்டதுதான் முறை என்பார்கள் வேறு சிலர். மீறினால் வலிக்கும் என்பதுதான் முறை என்று முடிப்பார்கள் மற்றவர்கள்.

ஆனால் உன் ஐந்தாவது பதில் இருக்கிறதே, அதற்குத்தான் அவர் சிரிக்காமல் அதை மறுபடி படிக்கச் சொன்னார். யாரும் பார்க்காதபோது, எதுவும் வலிக்காதபோது, மனசு ஏன் ஒரு மாதிரி இருக்க வேண்டும்? அதைத்தான் என் கட்டுரையில் இரண்டாம் பகுதியாக எழுதுகிறேன். இன்னும் கேட்டு எழுது. எதைப் பார்த்தாலும் எழுது.

பரீட்சை சித்திரையில் முடியும் என்று மாமாவிடம் சொல்.

அர்த்தனாரி

---

அரியூர் நாடு
கார்த்திகை 3

அன்புள்ள மச்சானுக்கு,

இருமல் மறுபடி வரவில்லையே? இங்கே அடைமழை. மலைப்பாதையில் மண் சரிந்து சுமைக்காரர்கள் வராததால் உங்கள் கடிதம் இப்போதுதான் கிடைத்தது.

எதைப் பார்த்தாலும் எழுதச் சொன்னீர்கள். போன வாரம் சின்னக்கண்ணுவுக்குக் கல்யாணம். அவளுடைய அத்தை மகன்தான் மாப்பிள்ளை, உரிமைக்காரன். பெண்ணுக்குத் தலை வாரிவிட நான் போயிருந்தேன். "உனக்கு இஷ்டமாடி?" என்று கேட்டேன். பாசிமணியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "மொறப் பையன். இதுல இஷ்டம் எங்க வருது? எங்கிட்ட யாரும் கேக்கல, நீ எதுக்குக் கேக்கறே?"

அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நான்தான் அன்று பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். முறை என்று ஒன்று இருந்துவிட்டால் பெண்ணிடம் கேட்க ஒன்றுமில்லை போலிருக்கிறது. இதையும் உங்கள் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மார்கழியில் வருவீர்கள் என்று அத்தை நெல் குத்தி வைத்திருக்கிறாள். நானும் கூடக் குத்தினேன்.

அத்தாயி

---

சென்னை
10-1-1938

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு அர்த்தனாரி பணிவுடன் எழுதியது.

உங்கள் முழங்கால் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். கட்டுரை வேலையால் மார்கழியில் வர முடியவில்லை, மன்னியுங்கள். அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் உங்கள் வீட்டோடு சேர்த்துக்கொண்டவர் நீங்கள். அதை எண்ணாமல் இதை எழுதவில்லை.

அத்தாயி எனக்கு முறைப்பெண். அந்த உரிமையை இந்தக் கடிதத்தின் மூலம் விட்டுவிடுகிறேன். இனி எனக்கென்று அவளை யாரும் நிறுத்திவைக்க வேண்டாம். என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற கடமை அவளுக்கு இல்லை. யார்மேலும் உள்ள வருத்தத்தால் இதைச் சொல்லவில்லை. நன்றாக யோசித்தே எழுதுகிறேன். மிச்சத்தைப் பிறகு எழுதுவேன்.

தங்கள் ஆசியை வேண்டும்
அர்த்தனாரி

---

அரியூர் நாடு
தை 20

தம்பி அர்த்தனாரிக்கு,

(மாப்பிள்ளை என்று எழுத வேண்டாம் என்றார் அப்பா. இனி அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.)

உன் கடுதாசி வந்துச்சு சாமி. ஒடம்பு சொகந்தானே? நீ பெரிய படிப்பு படிக்கறவன், யோசிச்சுத்தான் எழுதியிருப்பே. உங்கம்மா கண்ணாயி எம் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குது. "எம் மகன் இப்படிப் பண்ணிட்டான், எங்க அண்ணன் சோத்த எப்படித் திங்கறது"ன்னு ஒக்காந்திருக்குது. அது மேல எனக்கு ஒண்ணுமில்லைன்னு நீயே ஒரு வரி எழுதிப் போடு.

பெரக்கரை நாட்டு ராசப்பன் தன் மகன் சின்னராசுக்குப் பொண்ணு கேட்டு ஆளு உட்டிருக்கான். இத்தன நாளா உரிமைக்காரன் இருக்கான்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இனி என்னத்தச் சொல்றது? மாசி கடைசியில நாட்டுக் கூட்டத்துல பேச்செடுப்பாங்க. நீ ஒடம்பப் பாத்துக்க. கடல் பக்கம் போகாத.

இப்படிக்கு,
குப்புசாமி (பெருவிரல் ரேகை)

அப்பா சொல்லச் சொல்ல எழுதியவள் அத்தாயி. உங்கள் கடிதத்தை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்துக் காட்டியவளும் அவளே. தன் சார்பில் எழுத அவளுக்கு ஒன்றுமில்லை.

---

சென்னை
12-2-1938

அத்தாயி,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

நீயே படித்தாயா! மாமா சந்தைக்கு இறங்கும்போது ஷேக் பரீத் அண்ணன் படித்துச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். உன் அந்தக் கடைசி வரியைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். சின்னக்கண்ணுவைப் பற்றி நீ எழுதியது என்னை உலுக்கிவிட்டது. நாளைக்கு என் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கும்போது யாராவது உன்னிடம் கேட்டால் நீயும் 'எங்கிட்ட யாரும் கேக்கல' என்றுதானே சொல்வாய்? 'மாட்டேன்' என்று சொல்ல வழியில்லாதவள் சொல்லும் 'சரி'க்கு என்ன அர்த்தம்? அதனால் முதலில் உரிமையை விட்டேன். விட்ட கையாலேயே மை காய்வதற்குள் உன்னைக் கேட்டால் அது விட்டதாகுமா? ஒரு மாதமாவது நீ யாருக்கும் கட்டுப்படாதவளாக இருக்கட்டும், பிறகு கேட்கலாம் என்று பொறுத்திருந்தேன். இதைக் கேட்ட பக்கத்து அறை நண்பன், "எம்.ஏ. படிக்கிறவன் இவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க முடியும் என்று இன்றுதான் தெரிந்தது" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தான்.

இப்போது கேட்கிறேன். மாமன் மகள் என்பதற்காக அல்ல. நாலு பேரிடம் கேட்கச் சொன்னால் ஐந்தாவதாகத் தானே தின்று பார்த்து, அதை மறைக்காமல் எழுதும் ஒருத்தியோடு ஆயுசு முழுக்கப் பேசிக்கொண்டிருக்க ஆசைப்படுகிறேன். ராத்திரி புத்தகத்தை மூடினால் உன் கையெழுத்துதான் கண்ணில் நிற்கிறது. எந்த உரிமையும் இல்லாதவனாகக் கேட்கிறேன். என்னைக் கட்டிக்கொள்ள உனக்கு இஷ்டமா?

இல்லை என்றாலும் நான் உனக்கு அன்புள்ளவன்தான்.
அர்த்தனாரி

---

சென்னை
10-3-1938

அத்தாயி,

அங்கே எல்லோரும் நலமா? ஒரு வரியும் காணோம். வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்றாவது எழுது. நேற்று வகுப்பில் பேராசிரியர், "கடமையின் பிறப்பிடம் எது?" என்று என்னிடம் கேட்டார். நான், "பெரக்கரை நாடு" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

அர்த்தனாரி

---

அரியூர் நாடு
பங்குனி 8

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகம். அப்பா சுகம். அத்தை இப்போது இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள்.

உங்கள் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. பெரியது மாசி முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. நீங்கள் என்னை ஒரு மாதம் காக்க வைத்தது நியாயம் என்றால், நான் உங்களைக் காக்க வைப்பதும் நியாயம். இதற்கும் உங்கள் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கும்.

நாட்டுக் கூட்டம் கோயில் முன்னால் கூடியது. ஆண்கள் முன்னாலும் நாங்கள் பின்னாலும் உட்கார்ந்திருந்தோம். ராசப்பன் தன் மகனுக்குப் பெண் கேட்டார். நாட்டுக் கவுண்டர் அப்பாவைப் பார்த்து, "உரிமைக்காரன் உட்டுட்டான். நீ என்ன சொல்றே குப்புசாமி?" என்றார். "எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணலீங்க" என்றார் அப்பா.

நான் எழுந்துவிட்டேன். அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு."

"உரிமைக்காரரு உட்டுட்டாருங்க, சரி. உட்ட உரிமை இப்ப யாருகிட்ட இருக்குதுங்க? கீழ உழுந்து கெடக்குதுங்களா? நாய் தூக்கிட்டுப் போயிருச்சுங்களா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. நாட்டுக் கவுண்டர் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தார். "உரிமைக்காரன் இல்லைன்னா அப்பனுக்குத்தான்" என்றார்.

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு வேண்டாமுங்க. அது அவகிட்டயே இருக்கட்டும்" என்றார். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. அவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

"அப்ப உன்னையவே கேக்கறேன். சின்னராசுவக் கட்டிக்கறயா?" என்றார் நாட்டுக் கவுண்டர்.

"இல்லீங்க. அவரு நல்லவருங்க. எனக்கு வேற ஒருத்தரு மேல மனசுங்க."

"யாரு மேல?"

"உரிமைய உட்டாரில்லீங்க, அவரு மேலதானுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அப்பறம் எதுக்கு அவன் உட்டான்?"

"அதுக்குத்தானுங்க மெட்ராசுல படிக்கறாரு."

கோயில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்துபோகும்படி ஒரு சிரிப்பு. அது அடங்குவதற்குள் சின்னராசு எழுந்தார். "என்னையும் யாரும் கேக்கலீங்க. எனக்கு எங்க ஊரு பாப்பாத்தின்னு ஒரு புள்ளயத்தான் புடிச்சிருக்குதுங்க" என்றார். அவர் அப்பா ராசப்பன், "இத ஊட்டுலயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? இத்தன தூரம் நடக்க வெச்சயே!" என்று கத்தினார். "நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க" என்றார் மகன்.

கடைசியில் நாட்டுக் கவுண்டர் கோலைத் தரையில் தட்டினார். "இனிமே நம்ம நாட்டுல கல்யாணப் பேச்சு வெச்சா, பொண்ணையும் கேக்கோணும், பையனையும் கேக்கோணும். கேட்டா நம்ம வாயி தேஞ்சா போகுது? யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க." யாரும் சொல்லவில்லை. ராசப்பன்கூடச் சொல்லவில்லை.

இனி உங்களோடு என் சண்டை. நீங்கள் எழுதியதில் பாதி தப்பு. முறையாக இருப்பது ஆசையாகவும் இருக்கக் கூடாதா? மார்கழிக்கு நான் நெல் குத்தியது எந்த முறைக்காக? நான் கட்டப்பட்டிருக்கிறேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று எழுதிவிட்டு, என்னைக் கேட்காமலேயே என்னை விடுவித்துவிட்டீர்கள். அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னும் படித்தபோது என் குரல் உடையவில்லை. ஆனால் படித்து முடித்ததும் தண்ணீருக்குப் போவதாகச் சொல்லி ஓடைக்குப் போய்விட்டேன். அங்கே செய்ததை எழுத மாட்டேன்.

மீதிப் பாதி சரி. உங்கள் கேள்விக்கும் பதில் அதுவே: சரி. இஷ்டம்.

பரீட்சையில் பெரக்கரை நாடு என்று எழுதிவைக்காதீர்கள்.

உங்கள்
அத்தாயி

---

சென்னை
28-4-1938

என் அத்தாயி,

நான் எவ்வளவு நலமாக இருக்கிறேன் என்பதை எழுதினால் நம்ப மாட்டாய். உன் கடிதம் வந்த அன்று கடற்கரை முழுக்க நடந்தேன். கடல் பக்கம் போகாதே என்று மாமா சொன்னது திரும்பி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. வேட்டியெல்லாம் உப்புத் தண்ணீர்.

உன்னைக் கேட்காமல் விடுவித்தேன் என்று எழுதினாயே, அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆசையும் முறையும் ஒத்துப்போனவளுக்கு முறை சுமையாகத் தெரியாது. ஒத்துப்போகாதவளுக்காகத்தான் கேள்வி வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி நாம் சண்டை போட நிறைய நாள் இருக்கிறது.

நேற்று வாய்மொழித் தேர்வு. கட்டுரையின் கடைசிப் பகுதியில் பெயர் சொல்லாமல் நம் கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டார்: "மனிதர்கள் கூடிச் செய்ததுதான் முறை என்கிறீர். நாளைக்கு அதே கூட்டம் கூடி, பெண்ணைக் கேட்க வேண்டாம் என்று சொன்னால்?"

"அது தப்பு என்று சொல்ல ஒருவர் எழுந்து நிற்க முடியும். வெறும் பழக்கமாக இருந்தால் எழுந்து நின்று சொல்ல எதுவும் இருக்காது. கூட்டம் முறையைச் செய்யலாம். ஆனால் செய்ததற்குக் காரணம் கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது."

"அப்படி ஒருவர் எழுந்து நிற்பார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்?"

"அப்படி எழுந்து நின்ற ஒருத்தியை எனக்குத் தெரியும்" என்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பேராசிரியர் குறுக்கிட்டு, "இந்தச் சாட்சி ஒருதலையானது போலிருக்கிறது. இருந்தாலும் வாதம் நிற்கிறது" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். தேறிவிட்டேன் என்று பேராசிரியரே வாசலில் வந்து சொன்னார்.

இங்கே முடிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதை முடித்ததும் ரயிலேறுகிறேன். மாமாவுக்கு வணக்கம். அம்மாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல். இந்தத் தடவை அது உண்மை.

உன் அர்த்தனாரி

---

அரியூர் நாடு
வெகுதானிய வருடம், வைகாசி 2

அன்புள்ள மச்சானுக்கு அத்தாயி. எல்லோரும் சுகம். நீங்கள் தேறிய சேதியைக் கேட்டு அப்பா ஊர் முழுக்கப் பலாப்பழம் வெட்டிக் கொடுத்தார். கவரில் 'மாப்பிள்ளைக்கு' என்று எழுதச் சொன்னவரும் அவரே.

நீங்கள் அவசியம் கேட்க வேண்டிய ஒன்று நடந்தது. போன வாரம் மேலூரில் சென்னம்மாளுக்குப் பேச்சு. சம்மதம் கேட்பது ஒரு சாங்கியத்துக்குத்தான் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். சோறு வெந்து, குழம்பு இறக்கி, இலைகூட அறுத்தாகிவிட்டது. நாட்டுக் கவுண்டர், "என்ன கண்ணு, சம்மதந்தானே?" என்றார். சென்னம்மாள் தலையைக் குனிந்தபடி, "வேண்டாமுங்க" என்றாள்.

இதோ, போட்ட முறையை இவர்களே உடைக்கப் போகிறார்கள் என்று எழுந்திருக்கத் தயாராக இருந்தேன். பையனின் அப்பா நாட்டுக் கவுண்டரைப் பார்த்தார். நாட்டுக் கவுண்டர் தாடியைத் தடவினார். "கேட்டோம். சொல்லிட்டா. அவ்வளவுதான். எலையப் போடுங்க, சோறு ஆறுது" என்றார்.

எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். வேண்டாம் என்று சொல்லப்பட்ட பையன்தான் குழம்பு நன்றாக இருக்கிறதென்று மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சின்னக்கண்ணுவின் புருஷனும் அங்கே இருந்தான். அன்று வீட்டுக்குப் போனதும் அவளிடம், "உனக்கு என்னையப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டானாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நம்முடைய பேச்சு வருகிற பௌர்ணமிக்கு. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே, இவளிடமும் கேட்க வேண்டுமா என்று அத்தை கேட்டாள். கேட்டே தீர வேண்டும் என்றார் நாட்டுக் கவுண்டர்.

அதனால் அங்கே முடிக்க வேண்டியதைப் பிறகு முடித்துக்கொள்ளலாம், உடனே கிளம்பி வாருங்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் என்னைக் கேட்கப் போகிறார்கள். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க, பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டாமா?

அத்தாயி